பன்னிரண்டே காலுக்குப் புறப்படும் படகு

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஐவர். மேசையின் தலைமாட்டில், சுழலும் நாற்காலியில், தலைவர் கமலநாதன். அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, சமய ஆலோசகர் அய்யாவு. இடப்பக்கம் வெளியீட்டுப் பொறுப்பாளர் ராமச்சந்திரன். அச்சகம் அவருடையது என்பதால் மேசைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அவரை அடுத்து மகளிர் பிரிவுத் தலைவி யோகேஸ்வரி. கதவோரம், படிக்கட்டில் கழற்றிவிட்ட செருப்புகள் கண்ணில் படும்படியான பிளாஸ்டிக் நாற்காலியில், செயலாளர் லெட்சுமணன்.

இதை எழுதியவர் லெட்சுமணன்தான். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று முதலில் எழுதாமல் அவர் எந்தக் கூட்டக் குறிப்பையும் தொடங்கியதில்லை. சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் கற்றுக்கொடுத்த கடித முறையை ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் அவர் கைவிடவில்லை. மனைவி செல்லத்துக்கு அடுப்படியில் ஒரு துண்டுச் சீட்டு வைத்தாலும், ‘பொருள்: தேங்காய் வாங்குதல் தொடர்பாக’ என்று அடிக்கோடிட்டுத்தான் வைப்பார்.

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் ஊரில் டயர் கடை ஒன்றின் மாடியில் இயங்கிய அந்த அமைப்புக்கு வட்டாரத் தமிழர் பயண நல மன்றம் என்று பெயர். ஒன்பது ஆண்டுகளில் அது யாரையும் எங்கும் அனுப்பியதில்லை. போகிறவர்களுக்கு மாலை போட்டு வழியனுப்பும். வந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி வரவேற்கும். இடையில் அவர்கள் எங்கே போனார்கள், என்ன ஆனார்கள் என்பது மன்றத்தின் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது. பத்தாம் ஆண்டில் தலைவருக்கு ஒரு குறை தோன்றியது. மன்றம் நூல் எதுவும் வெளியிடவில்லை. ஆகவே ‘லுமாரித் தீவு நாடு: பயணிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி’ என்ற நூலை வெளியிடுவதென்றும், அதன் பெருமையை நிலைநாட்ட ஒரு பயணக்குழுவை அங்கே அனுப்புவதென்றும் முடிவானது.

லுமாரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மன்றத்தில் ஒருவருக்காவது தெரிந்திருந்த வெளிநாடு அது ஒன்றுதான். ஜொகூர் நிறுவனம் ஒன்று அங்கே செம்பனைத் தோட்டம் போட்டபோது, லாரி எடை பார்க்கும் குமாஸ்தாவாக லெட்சுமணன் நான்கு வருடம் இருந்துவிட்டு வந்தார். அவர் நாற்பத்தொரு பக்கம் எழுதிக் கொடுத்தார். விமான நிலையத்திலிருந்து வரும் தாழ்வான சாலை மழையில் மூழ்கும், மலைச் சாலையைப் பிடிக்கவும். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும். மாத்திரை கொண்டுபோனால் மருத்துவர் சீட்டும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பசித்தாலும் கடை திறக்காது. சாயங்காலம் கடற்கரையில் மணல் ஈ கடிக்கும், முழுக்கால் சட்டை போடவும். சின்னத் தீவுக்கு வாரம் ஒரே படகு. வெள்ளிக்கிழமை காலை 10.45, அன்று சாயங்காலமே திரும்பும். படகுக்காரர் யாருக்காகவும் நிற்பதில்லை. தன் மாமனாருக்காகவும் ஒருமுறை நிற்கவில்லை.

நூல் அறுபத்து நான்கு பக்கம். அதில் வாழ்த்துரைகள் நாற்பத்தாறு. படத்தின் அளவு பதவியைப் பொறுத்தது என்பதால் சிலருடைய முகம் பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்தில் போய் முடிந்தது. வாழ்த்தியவர்களில் பதினொருவர் லுமாரியை ஒரு கல்லூரி என்று எண்ணி அதன் மாணவர்கள் மேன்மேலும் உயர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எஞ்சிய பதினெட்டுப் பக்கத்துக்குள் லெட்சுமணனின் நாற்பத்தொன்றை அடக்கத்தான் அன்றைய கூட்டம்.

“மழையில சாலை மூழ்கும்னு போட்டா அந்த நாட்டுக்காரன் மனசு புண்படும்,” என்றார் கமலநாதன். அது போனது. குழாய்த் தண்ணீர் எதிர்மறைச் சிந்தனை, அதுவும் போனது. ‘மணல் ஈ கடிக்கும்’ என்பது ‘மாலை வேளையில் இயற்கை உங்களைத் தழுவி வரவேற்கும்’ என்று ஆனது. லெட்சுமணன் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார். அவருக்குத் தலை லேசாகச் சுற்றியது. மின்விசிறி அய்யாவுக்கு மட்டும்தான் வீசியது.

படகு வரியில் வந்து அய்யாவு கண்ணாடியைக் கழற்றினார்.

“வெள்ளிக்கெழம பத்தே முக்காலா? செயலாளரே, பத்தரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம். அந்த நேரத்துல கடல்ல எறங்குன்னு மன்றமே போடுமா?”

“மன்றம் எறங்கச் சொல்லலீங்க. படகு அப்பதான் போகுது.”

“படகு போகட்டும் லா. அது படகோட விஷயம். சனங்க எத்தன மணிக்கு ஏறணும்னு போடறது நம்ம விஷயம்.”

“படகு போனப்புறம் எப்படிண்ணே ஏறுவாங்க?” என்று கேட்டார் யோகேஸ்வரி.

மகளிர் பிரிவின் கருத்துக்கு நன்றி என்று பதியும்படி தலைவர் சொன்னார். லெட்சுமணன் பதிந்தார்.

ராமச்சந்திரன் ஒரு சமாதானத்துக்கு முயன்றார். “நம்ம ஊர்ல சூரியன் ஏழு மணிக்குத்தான உதிக்குது? அப்ப ராகு காலமும் ஒரு மணி நேரம் தள்ளித்தான வரணும். பத்தே முக்கால் தப்பிச்சிடுதுல்ல.”

“காலண்டர்ல போட்டிருக்கறதுதான் காலம்,” என்றார் அய்யாவு. “சூரியன் லேட்டா வந்தா அது சூரியனோட ஒழுங்கீனம்.”

ஆகவே படகு பன்னிரண்டே கால் ஆனது. அது சுபவேளை என்று அய்யாவு ஐந்து நிமிடம் விளக்கினார். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். லெட்சுமணனின் கையில் பேனா இருந்தது. பேனாவோடு சேர்ந்து கையும் மேலே போனது. பிறகு அதே பேனாவால் ‘ஏகமனதாக’ என்று எழுதினார்.

மறுநாள் காலை ரொட்டிச் சானாய் கடையில் கமலநாதனே அவரைத் தேடி வந்து எதிரில் உட்கார்ந்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. தலைவர் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டால் கமலநாதன் பழைய கமலநாதன்தான் என்று லெட்சுமணன் நாற்பத்தைந்து வருடமாக நம்பிவந்தார்.

“லெட்சு, மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத. ஒரு தே தாரேக் குடி.”

“ராசம்மாக்கா அந்தக் குழுவுல போறாங்க, கமலா. அவங்க சின்னத் தீவுக்குத்தான் போகணும்.”

கமலநாதன் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினார். ராசம்மாவை அவருக்கும் தெரியும். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைப்பவர். அவருடைய தங்கை தனலெட்சுமி, கணவனுக்கு வேலை கிடைத்து லுமாரியின் சின்னத் தீவில் போய்க் குடியேறி பத்தொன்பது வருடம். இடையில் ஒருமுறைகூட அக்காளும் தங்கையும் பார்த்துக்கொள்ளவில்லை. இப்போது தங்கைக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. இன்னும் நான்கைந்து மாதம், அப்புறம் வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்று அங்கே மருத்துவர் சொல்லிவிட்டார். முழுசாகப் போவதற்குள் அக்காள் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். பயணக்குழு புதன்கிழமை இறங்கி அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பும். நடுவில் ஒரே ஒரு வெள்ளி.

“அவ்வளவுதான?” என்றார் கமலநாதன். “ஒரு சீட்டு அடி. சின்னதா. ‘படகின் உண்மையான நேரம் 10.45’ன்னு. ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒண்ணு சொருகிடுவோம். புத்தகத்துல அய்யாவு நேரம், சீட்டுல படகு நேரம். ரெண்டு பேருக்கும் மரியாதை.”

“சொருகுவீங்களா?”

“நம்ம பெஞ்சு மேல சத்தியம்டா. உன் சீட்டுல ஒரு எழுத்து மாறாது.”

லெட்சுமணன் ஆயிரம் சீட்டு அடித்தார். இரும்பு ஸ்கேலை வைத்து மூன்று நாள் உட்கார்ந்து வெட்டி, நூறு நூறாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார். செல்லம் துணி மடித்துக்கொண்டே பார்த்திருந்தாள்.

“இவ்ளோ கஷ்டத்துக்கு அந்தக்காகிட்ட நேரா வாயால சொல்லிட்டா என்னா?”

“வாயால சொன்னா மறந்துடும், செல்லம். தாள்ல இருந்தா நிக்கும்.”

அந்த வாரமே ராசம்மா வந்து கேட்கவும் கேட்டார். “தம்பி, படகு எத்தன மணிக்கு?” பத்தே முக்கால் என்ற இரண்டு சொல் லெட்சுமணனின் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அவர் முறைப்படி நடப்பவர். “புத்தகத்துல ஒரு நேரம் போட்டிருக்கும்கா. அத பாக்காதீங்க. உள்ள ஒரு சீட்டு இருக்கும். அதுல இருக்கறதுதான் சரி,” என்றார்.

“சீட்டு. சரி தம்பி,” என்று ராசம்மா தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

வெளியீட்டு விழாவில் பதினொரு பேர் பேசினார்கள். நூலாய்வு செய்தவர், நூல் காலையில்தான் கைக்கு வந்தது என்றும், ஆனாலும் அட்டையைப் பார்த்தவுடனே உள்ளடக்கம் புரிந்துவிட்டது என்றும் முப்பது நிமிடம் விளக்கினார். கமலநாதன் தலைமையுரையில், “இந்த நூலைப் படித்தவர் லுமாரிக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை,” என்று முழங்கினார். லெட்சுமணன் வாசலில் பதிவு மேசையில் வருகையாளர் பெயரை எழுதிக்கொண்டிருந்ததால் கைதட்டல் மட்டும் கேட்டது. கடைசியில் ஒரு பிரதி கேட்டபோது பிரமுகர்களுக்கே பற்றவில்லை என்றார்கள். “எழுதினவனுக்கு எதுக்குடா புத்தகம்?” என்று தோளில் தட்டிவிட்டுக் கமலநாதன் படமெடுக்கப் போனார்.

பயணக்குழு போனது. பயணக்குழு வந்தது. மன்றம் இரண்டு தடவையும் மாலை போட்டது.

புதன்கிழமை மத்தியானம் ராசம்மா லெட்சுமணன் வீட்டுக்கு வந்தார். கையில் சணல் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. அந்தக் கயிற்று முடிச்சு போகும்போது போட்டபடியே இருந்தது.

“தங்கச்சிக்குக் கொண்டுபோனது. முறுக்கு, அரைச்ச மசாலா, ரெண்டு சேலை. நீங்களே வச்சிக்குங்க செல்லம், எனக்குப் பாக்கப் பிடிக்கல,” என்று பெட்டியை மேசைமேல் வைத்தார். பிறகு உட்கார்ந்தார்.

“என்னாச்சுக்கா?”

“பதினொண்ணே காலுக்கே துறைக்குப் போயிட்டேன் தம்பி. ஒரு மணி நேரம் முன்னாடியே. அங்க யாருமே இல்ல. தண்ணியில தூரமா ஒரு வெள்ளப் புள்ளி போய்க்கிட்டிருந்துச்சு. வலை காய வச்சிக்கிட்டிருந்த ஆளுகிட்ட காட்டிக் கேட்டேன். அதான் படகுன்னான். அடுத்த வெள்ளிக்கெழம வான்னான்.”

“சீட்ட பாக்கலையா?”

“பாத்தேனே.” ராசம்மா கைப்பையிலிருந்து நூலை எடுத்தார். அதன் நடுவிலிருந்து ஒரு நீளமான வழுவழுப்பான அட்டையை உருவி மேசைமேல் வைத்தார். “இதான உங்க சீட்டு? திருப்பித் திருப்பிப் பாத்தேன். தலைவர் சிரிச்சிக்கிட்டு இருந்தாரு. நேரம் எதுவும் போடல.”

அது ஒரு புத்தகக் குறி. முன்பக்கம் கமலநாதன், கோட்டு சூட்டில். பின்பக்கம் கமலநாதன், வேட்டி சட்டையில்.

லெட்சுமணன் அட்டையைக் கையில் வாங்கவில்லை. செல்லம் அவரைப் பார்த்தாள்.

“அது கெடக்கட்டும்,” என்றார் ராசம்மா. “அவ அன்னிக்கு அந்தப் பக்கத் துறையில வந்து நின்னாளாம். கண்ணு சரியா தெரியலையா, எறங்கினவங்க மூஞ்சி ஒவ்வொண்ணையும் கிட்ட போயிப் பாத்தாளாம். ரெண்டு பேரு திட்டிட்டாங்களாம். அன்னிக்குச் சாயந்தரம் போன் பண்ணி நடந்ததச் சொன்னேன். ‘வர இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லுக்கா. படகு போனப்புறம் வரச்சொல்லி எந்தப் புத்தகக்காரனாவது போடுவானா, எனக்குக் கண்ணுதான் தெரியல, புத்தி இருக்கு’ன்னா. வச்சிட்டா. அதுக்கப்புறம் நான் கூப்பிட்டா எடுக்கறதே இல்ல. அவ புருஷன் எடுத்து, வேணாம்கா, அழுவறா, கூப்பிடாதீங்கங்கறாரு.”

ராசம்மா நூலைக் கைப்பைக்குள் திருப்பி வைத்தார். “இனி அங்க போக என்னால முடியாது தம்பி. அத விடுங்க. நான் பொய் சொல்லலன்னு ஒரு வரி. மன்றத்துலேர்ந்து எழுதிக் குடுத்தா போதும். கண்ணு இருக்கறப்பவே அவ அத படிச்சிடணும்.”

லெட்சுமணன் அன்றைக்கே மாடி ஏறினார். அவருடைய ஆயிரம் சீட்டும் கட்டுப் பிரிக்காமல் கூட்ட அறையில் இருந்தன. மேசையின் ஆடும் கால் ஒன்றுக்கு அண்டை கொடுக்க அவை சரியான உயரமாக அமைந்திருந்தன.

விசாரணைக் கூட்டத்தில் அதே ஐவர் அதே இடங்களில் உட்கார்ந்தார்கள். ராசம்மாவை எங்கே உட்காரவைப்பது என்பதில் சிக்கல் வந்தது. அவர் உறுப்பினர் அல்ல, பிரமுகரும் அல்ல, பயணத்தை முடித்துவிட்டதால் பயணியும் அல்ல. இந்த மூன்று வகைக்கு வெளியே மன்றத்தில் நாற்காலி கிடையாது. லெட்சுமணன் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். குறிப்பு நின்றுகொண்டே எழுதப்பட்டது.

“எனக்கு நட்டஈடு எதுவும் வேணாம் தலைவரே,” என்றார் ராசம்மா. “‘ராசம்மா வந்தாங்க, எங்க புத்தகத்துல நேரம் தப்பு’. அவ்வளவு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

கமலநாதன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். ஐந்தே பேர் என்றாலும் அவருக்கு அது சபைதான்.

“அம்மையார் சொன்னதைக் கேட்டு என் நெஞ்சு உருகிவிட்டது. உருகிய நெஞ்சோடு சொல்கிறேன், இந்த மன்றம் தவறு செய்யவில்லை. படகு தாமதமாக வந்திருந்தால் நாம் வருத்தம் தெரிவிக்கலாம். சீக்கிரம் போன படகுக்கு நாம் எப்படிப் பொறுப்பாக முடியும்? நமது நூலை நாற்பத்தாறு பெருமக்கள் வாழ்த்தியிருக்கிறார்கள். அந்தப் படகை யார் வாழ்த்தியது?”

“ஞாயமான கேள்வி,” என்றார் அய்யாவு. “இன்னொண்ணு. ராகு காலத்துல போன படகுல இந்தம்மா ஏறாம தப்பிச்சிருக்காங்க. அதுக்கு நம்ம புத்தகம்தான் காரணம். ஒரு நன்றி சொன்னாங்களா?”

“அந்தப் படகு முழுகிடுச்சா?” என்று கேட்டார் யோகேஸ்வரி.

“இதுவரைக்கும் இல்ல,” என்றார் அய்யாவு.

லெட்சுமணன் தொண்டையைச் செருமினார். மன்றத்தில் கேட்காமல் அவர் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. “சரியான நேரம் போட்டு ஆயிரம் சீட்டு அடிச்சுக் குடுத்தேன். ஒவ்வொரு பிரதியிலயும் வைக்கறதா தலைவர் சொன்னாரு.”

கமலநாதன் அவரைத் திரும்பிப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. அறிமுகம் இல்லாத ஒருவர் வழி கேட்டால் பார்ப்பது போன்ற பார்வை.

“சீட்டா? எந்தச் சீட்டு? குறிப்புல இருக்கா, செயலாளரே?”

லெட்சுமணன் குறிப்பேட்டைப் புரட்டவில்லை. அதில் எது இருக்கிறது, எது இல்லை என்று அவருக்குத் தெரியும். ரொட்டிக் கடைக்கு அவர் அதை எடுத்துப் போயிருக்கவில்லை.

“குறிப்பில் இல்லை,” என்று தலைவர் சபைக்கு அறிவித்தார். “படகு நேரத்தைத் தந்தவர் யார்? நூலிலேயே இருக்கிறது, ‘தகவல்: லெட்சுமணன்’. அதற்காக அவரைக் குறை சொல்ல என் மனம் இடம் தரவில்லை. நாங்கள் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவரை மன்றம் மன்னிக்கிறது.”

மன்னிப்பு பதிவானது. எழுதும்போது லெட்சுமணனின் எழுத்து கொஞ்சம் கோணியது. அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

தீர்மானத்தை ராமச்சந்திரன் முன்மொழிந்தார். “அச்சடிச்ச பிரதி ஆயிரம். படகு ஒண்ணு. எத மாத்தறது சுலபம்னு யோசிங்க.” எல்லாரும் யோசித்தார்கள். அதன்படி, மன்ற நூலில் உள்ளவாறு சின்னத் தீவுப் படகை வெள்ளிதோறும் பகல் பன்னிரண்டே காலுக்குப் புறப்படச் செய்யுமாறு லுமாரி அரசாங்கத்துக்குக் கடிதம் எழுத முடிவானது. யோகேஸ்வரி மட்டும் கையைத் தூக்கவில்லை. அவருக்குக் கைவலி என்று பதியுமாறு தலைவர் சொன்னார்.

ராசம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். “ஒரு வரி,” என்றார் மறுபடியும், யாரிடமென்றில்லாமல். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

படிக்கட்டில் கமலநாதன் லெட்சுமணனைப் பிடித்துக்கொண்டார். குரல் இப்போது ரொட்டிக் கடைக் குரல்.

“நீ என்னைப் புரிஞ்சிக்கணும் லா, லெட்சு. அடுத்த வருஷம் மாநில அளவுல நிக்கறேன். இந்த நேரத்துல தப்புன்னு ஒரு வரி வெளிய போனா, எதிர்க்கறவன் அத சட்டம் போட்டு மாட்டிடுவான்.”

“நீ சத்தியம் பண்ண.”

“பண்ணேன். ரொட்டி திங்கறப்ப சொன்னதெல்லாம் மன்றத்துக்குள்ள கொண்டுவந்தா எப்படி? நான் உன்ன மன்னிச்சிட்டேன்ல. அத எவன் பண்ணுவான்?”

லெட்சுமணன் அவருடைய முகத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தார். வழுவழுப்பான அட்டையில் இருந்ததும் இதே முகம்தான். இரண்டு பக்கமும்.

அரசாங்கக் கடிதத்தை லெட்சுமணனே தட்டச்சு செய்தார். அதை வெறுமனே தபாலில் போடுவது மன்றத்தின் தகுதிக்குப் பொருந்தாது என்பதால் ‘கடிதம் உறையிடும் விழா’ நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். கடிதத்தை மடித்தவருக்கு ஒரு பொன்னாடை, உறைக்குள் செலுத்தியவருக்கு ஒரு பொன்னாடை, பசை தடவிய, பத்து பாகாட் என்ற ஊரிலிருந்து வந்த பிரமுகருக்கு மாலையும் பொன்னாடையும். பத்திரிகைக்குப் படம் எடுக்கும்போது, உறைக்குள் போய்விட்டால் கடிதம் படத்தில் தெரியாது என்று யாரோ சொன்னார்கள். பசை காய்வதற்குள் வெளியே எடுத்தார்கள். படத்தில் மிக அழகாக வந்ததால், அசலைச் சட்டம் போட்டு மன்றச் சுவரில் மாட்டுவதென்றும், அனுப்புவதற்கு ஒரு நகல் எடுப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்பதென்றும் அங்கேயே தீர்மானமானது. யாரும் மறுக்கவில்லை. முகவரி லெட்சுமணனைத் தவிர யாருக்கும் தெரியாது. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அன்று அவர் குறிப்பேட்டையும் மன்ற முத்திரையையும் சுழலும் நாற்காலியின் மேல் வைத்துவிட்டு வந்தார். ராஜினாமாக் கடிதம் எழுதவில்லை. எழுதினால் அதற்கும் ஒரு விழா எடுப்பார்கள்.

சனிக்கிழமை காலை ராசம்மாவை வரச் சொன்னார். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளைத் தாள்களையும் தடித்த கறுப்பு மார்க்கர் பேனாவையும் வைத்திருந்தார். பழக்கத்தில் கை ‘பொருள்’ என்று தொடங்கப் போனது. அவர் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அகலத்துக்கு. ஒரு பக்கத்துக்கு மூன்று சொல்தான் கொண்டது.

“என்னா தம்பி, கடை போர்டு மாதிரி எழுதறீங்க?”

“அவங்களே படிக்கணும்கா. இன்னொருத்தர் படிச்சுக் காட்டினா, யாரோ சொல்லிக் குடுத்ததுன்னு நெனப்பாங்க.”

எழுதி முடித்ததும் லெட்சுமணன் ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பிடித்து வாசித்தார்.

“தனலெட்சுமிக்கு. உங்கள் அக்கா வந்தார். பதினொன்றே காலுக்குத் துறையில் நின்றார். படகு பத்தே முக்காலுக்குப் போய்விட்டது. சரியான நேரம் எனக்குத் தெரியும். புத்தகத்தில் அதை மாற்றினார்கள். மாற்றும்போது நானும் கை தூக்கினேன். அக்கா என்னிடம் நேரம் கேட்டார். நான் வாயால் சொல்லாமல் தாளைப் பார்க்கச் சொன்னேன். அந்தத் தாளை வைக்கவில்லை. அக்கா சொன்னது பொய் இல்லை. லெட்சுமணன்.”

“கை தூக்கினேங்கறது வேணாம் தம்பி,” என்றார் ராசம்மா. “அவனுங்க பண்ணதுக்கு நீங்க ஏன்?”

“தூக்கினேன்கா.”

“இருக்கட்டும். அவனுங்க பேர போடுங்க.”

“யாரோ மாத்தினாங்கன்னு எழுதினா நம்ப மாட்டாங்க. புத்தகத்துல என் பேருதான் இருக்கு. பேரு போட்டவனே ஒத்துக்கிட்டாத்தான் நம்புவாங்க.”

ராசம்மா யோசித்தார். பிறகு தன் நூலிலிருந்து இரண்டு தாளை அவரே கிழித்தார். ஒன்றில் லெட்சுமணன் பெயர், இன்னொன்றில் 12.15. கிழிக்கும்போது வாழ்த்துரை ஒன்றும் கூட வந்தது. அதைத் திருப்பி நூலுக்குள் செருகி வைத்தார்.

“ஒண்ணு மட்டும் சேருங்க,” என்றார். “பொட்டி இங்க இருக்கு, முறுக்க நான் திங்கலன்னு.”

லெட்சுமணன் இன்னொரு தாள் எடுத்து அதையும் எழுதினார். மொத்தம் பதினாறு பக்கம்.

தபால் நிலையத்தில் முகப்பில் இருந்த மலாய்ப் பெண் உறையை விரலால் அழுத்திப் பார்த்தார். “தெபால்ஞா, பாக்சிக்,” என்றார். எவ்வளவு தடி, மாமா, என்று அர்த்தம். எழுத்து பெரிசு என்று லெட்சுமணன் மலாயில் பதில் சொன்னார். உறை பிதுங்கியதால் ஒட்டுப்பட்டி போட வேண்டியிருந்தது. ராசம்மா உறையின் வாயை மூடிப் பிடித்துக்கொண்டார்; லெட்சுமணன் நீளமாக இழுத்து ஒட்டி, நகத்தால் ஓரம் ஓரமாகத் தேய்த்தார்.

“எத்தன நாளாகும்னு கேளுங்க தம்பி.”

அவர் கேட்டார். மூன்று வாரம், சிலசமயம் ஐந்து என்றார் அந்தப் பெண். தங்கையின் கண்ணுக்கு மிச்சமிருந்த மாதத்தை ராசம்மா விரல் மடக்கி எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் முத்திரை இரண்டு தடவை குத்தப்பட்டு, உறை சாக்குக்குள் போய்விட்டது.